வேலி மேய்ந்த கதை: கிம் பில்பியின் வாழ்வு

தன் வீட்டுக்குள்ளே கள்ளன் இருக்கமாட்டான் என்று நம்பியிருந்த காவற்காரனின் கதை எல்லா மக்களிடத்தும் உண்டு. பிரித்தானியாவின் வெளிநாட்டு உளவுத்துறையாகிய எம்.ஐ.6இன் வரலாற்றில் அக்கதையின் நாயகன் கிம் பில்பி. சோவியத் உளவாளிகளைக் கண்டுபிடிக்கவென அமைக்கப்பட்ட பிரிவுக்கே தலைவராக அமர்ந்திருந்த இந்த மனிதர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சோவியத் ஒன்றியத்துக்காக வேலை செய்தார். அவருடைய கெட்டித்தனத்தைப் பற்றி நூல்கள் பல வந்துவிட்டன. நாம் இங்கு கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. அவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய செய்தியைக் கொண்டுவந்தவர்கள் ஒருவரல்லர், பலர். அவர்களுடைய சொல் ஏன் இத்தனை காலம் அம்பலமேறவில்லை? அவரது வாழ்வை வரிசையாகப் பார்ப்போமாயின் விடை தானாகவே புலப்படும்.

அம்பாலாவிலிருந்து வியன்னாவுக்கு

ஹரல்ட் ஏட்ரியன் ரசல் பில்பி 1912ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, அன்றைய பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்திலுள்ள அம்பாலாவில் பிறந்தார். தந்தையார் சென் ஜோன் பில்பி இந்தியக் குடியியற் சேவை அதிகாரி. பின்னாளில் அரேபியப் பாலைவனங்களை ஆராய்ந்து, இஸ்லாத்தைத் தழுவி, சவூதி மன்னர் இப்னு சவூதின் ஆலோசகராக விளங்கியவர். சிறுவனுக்கு வாய்த்த ‘கிம்’ என்னும் செல்லப் பெயர் ரட்யார்ட் கிப்ளிங்கின் நாவலொன்றின் சிறுவனுடையது. இந்திய மண்ணில் வளர்ந்து உளவுப் பணியில் இறங்கும் சிறுவன் அவன். பெயர் வைத்தவர்கள் அதன் பொருத்தத்தை அறிந்திருக்க நியாயமில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் பாடசாலையிலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரினிற்றிக் கல்லூரியிலும் கிம் பயின்றார். அவர் கல்லூரியில் இருந்த 1929 முதல் 1933 வரையான காலம் உலகப் பொருளாதாரம் சரிந்து, ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த காலம். இளைஞர் பலர் இடதுசாரிக் கொள்கையில் நம்பிக்கை வைத்தனர். கிம் பில்பியும் அவர்களில் ஒருவர்.

படிப்பு முடிந்ததும் அவர் வியன்னாவுக்குச் சென்றார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த அகதிகளுக்கு உதவும் வேலையில் அங்கே ஈடுபட்டார். லிற்சி பிரீட்மன் என்னும் யூத இனத்துக் கம்யூனிஸ்ட் பெண்ணின் பழக்கம் அங்கேதான் ஏற்பட்டது. 1934 பெப்ரவரியில் அவுஸ்திரிய அரசு தொழிலாளர் இயக்கத்தை ஆயுத பலத்தால் நசுக்கியபோது லிற்சியின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தது. கிம் அவரை மணந்து, பிரித்தானியக் கடவுச்சீட்டுப் பெற்றுக் கொடுத்து, லண்டனுக்கு அழைத்து வந்தார். பின்னாளில் எத்தனையோ பேரைக் காட்டிக்கொடுத்த மனிதர், தம் பொதுவாழ்வை ஒரு பெண்ணைக் காப்பாற்றியதிலிருந்தே தொடங்கினார் என்பதை நாம் மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டு யூன் மாதம், லண்டன் ரீஜென்ற் பூங்காவில் ஆர்னோல்ட் டொய்ச் என்பவர் அவரைச் சந்தித்தார். டொய்ச் வியன்னாவில் கல்வி கற்ற அறிஞர். சோவியத் உளவுத்துறையின் ஆள் சேர்ப்பாளர். அவர் வகுத்திருந்த திட்டம் எளிமையானது. நல்ல குடும்பத்தில் பிறந்து, பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞன் மாணவப் பருவத்தில் என்ன கொள்கை பேசியிருந்தாலும், அதை இளமைக் கோளாறு என்று ஆளும் வர்க்கம் மன்னித்துவிடும். அவ்விளைஞன் பழைய நண்பர்களை விட்டு விலகிவிட்டால் போதும், அரசாங்கத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பிரித்தானியர் தம்மைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தை அவர்களைவிட நன்றாக அறிந்திருந்தவர் இந்த வெளிநாட்டவர்தான்.

தந்தையின் சாட்சியம்

கிம் பில்பி சொன்னபடி செய்தார். இடதுசாரி நண்பர்களை விட்டு விலகினார். ஜேர்மனியோடு நட்புறவு வேண்டிய சங்கமொன்றில் சேர்ந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது ‘ரைம்ஸ்’ நாளிதழின் செய்தியாளராக, ஜெனரல் பிராங்கோவின் பக்கத்திலிருந்து எழுதினார். 1937ஆம் ஆண்டின் கடைசி நாளில் தெருவேல் நகருக்கு அருகே எறிகணையொன்று அவர் இருந்த காரைத் தாக்கியது. உடனிருந்த மூன்று செய்தியாளர் உயிரிழந்தனர்; அவர் காயத்தோடு தப்பினார். அதற்காகப் பிராங்கோவே தம் கையால் அவருக்குப் பதக்கம் அணிவித்தார். கம்யூனிஸ்ட் என்று இனி எவர்தான் சொல்வார்?

1940இல், தம்மைப் போலவே இரகசியமாக மொஸ்கோவுக்கு வேலை செய்த நண்பர் கை பேர்ஜசின் உதவியோடு அவர் எம்.ஐ.6இல் நுழைந்தார். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையாகிய எம்.ஐ.5இன் பதிவேட்டில் அவருக்கு எதிராக ஒன்றும் இருக்கவில்லை. எம்.ஐ.6இன் மூத்த அதிகாரி வலன்ரைன் விவியன் இந்தியாவில் பணிபுரிந்தவர். பில்பி குடும்பத்தை அறிந்தவர். அவர் தந்தையாருடன் உணவருந்துகையில், மகன் கேம்பிரிட்ஜில் கம்யூனிஸ்டாக இருந்ததைப் பற்றி விசாரித்தார். அது மாணவப் பருவத்து விளையாட்டு என்று தந்தையார் சொல்ல, விசாரணை அத்துடன் முடிவடைந்தது. நூலைப் போல சேலை என்பது அவர்களுடைய அளவுகோல். ஆனால் அந்த நூலே 1940இல் போர்க்காலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பல மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்தது என்பதை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. வியன்னாத் திருமணமும் அப்படியே. கம்யூனிஸ்ட் பெண்ணை மணந்தவர் என்ற செய்தி, தேடியிருந்தால் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தது.

அதே 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முதலாவது எச்சரிக்கை வந்துவிட்டது. சோவியத் உளவுத்துறையிலிருந்து வெளியேறி மேற்குலகில் புகலிடம் தேடிய வோல்ற்றர் கிரிவிற்ஸ்கி, லண்டனில் எம்.ஐ.5 அதிகாரிகளிடம் பல செய்திகளைச் சொன்னார். ஸ்பெயின் போர்க்காலத்தில் இளம் ஆங்கிலச் செய்தியாளர் ஒருவரைச் சோவியத் உளவுத்துறை அங்கு அனுப்பியது என்பது அவற்றுள் ஒன்று. பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் பிராங்கோவின் பக்கத்தில் இருந்த இளம் ஆங்கிலச் செய்தியாளர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கவில்லை. வரிசைப்படுத்தி ஆராய்ந்திருந்தால் பட்டியல் சிறியதாகவே இருந்திருக்கும். ஒருவரும் அதைச் செய்யவில்லை. கிரிவிற்ஸ்கி 1941 பெப்ரவரியில் வாஷிங்டன் விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தார்.

மொஸ்கோவும் நம்பவில்லை

முன்முடிவு என்னும் நோய் லண்டனுக்கு மட்டும் உரியதன்று. கிம் பில்பியும் அவருடைய கேம்பிரிட்ஜ் தோழர்களும் அனுப்பிய ஆவணங்களைப் படித்த மொஸ்கோ அதிகாரிகளுக்கு வேறொரு சந்தேகம் எழுந்தது. கம்யூனிஸ்டாக இருந்தவர்களை இவ்வளவு இலகுவாக ஓர் அரசு தன் உளவுத்துறையில் சேர்க்குமா? பிரித்தானியாவுக்குச் சோவியத் ஒன்றியத்தினுள்ளே முக்கிய உளவாளிகள் இல்லை என்று பில்பி எழுதுகிறாரே, அது எவ்வாறு உண்மையாகும்? எலேனா மொட்ரின்ஸ்காயா என்னும் ஆய்வாளர், இவர்கள் அனைவரும் பிரித்தானியர் அனுப்பிய இரட்டை உளவாளிகள் என்ற முடிவுக்கு வந்தார். 1943இல் மொஸ்கோ அம்முடிவை லண்டனிலுள்ள தன் அதிகாரிகளுக்கு அறிவித்தது. கேம்பிரிட்ஜ் ஆட்களைப் பின்தொடரக் கண்காணிப்பாளரையும் அனுப்பியது.

பில்பி எழுதியது உண்மை. ஆனால் எங்கும் எதிரி இருக்கிறான் என்று கருதிய அமைப்புக்கு, எதிரி இல்லை என்ற செய்தி பொய்யாகவே பட்டது. லண்டன் உண்மையான துரோகியை நம்பியது. மொஸ்கோ தன் உண்மையான ஊழியனைச் சந்தேகித்தது. இரு பக்கத்தாரும் கையிலிருந்த சான்றைப் பார்க்குமுன் மனத்திலிருந்த படத்தைப் பார்த்தனர்.

வொல்கோவ் என்னும் மனிதர்

1944இல் சோவியத் எதிர்ப்புப் பணிக்கென எம்.ஐ.6 அமைத்த ஒன்பதாம் பிரிவின் தலைமைப் பதவி கிம் பில்பிக்குக் கிடைத்தது. மறு ஆண்டு அவர் வாழ்விலேயே மிகவும் ஆபத்தான நாட்கள் வந்தன.

இஸ்தான்புல் நகரிலிருந்த சோவியத் துணைத் தூதரக அதிகாரி கொன்ஸ்தந்தீன் வொல்கோவ், 1945 ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் பிரித்தானியத் தூதரகத்தை நாடினார். தமக்கும் மனைவிக்கும் புகலிடமும் பணமும் தந்தால், பிரித்தானிய அரசினுள்ளே இருக்கும் சோவியத் உளவாளிகளின் பெயர்களைத் தருவதாகச் சொன்னார். அவர்களில் ஒருவர் லண்டனில் எதிர்உளவுப் பிரிவொன்றின் தலைவராகக் கடமையாற்றுபவர் என்பதையும் குறிப்பிட்டார். தந்தி மூலம் இச்செய்தியை அனுப்ப வேண்டாம், பிரித்தானியரின் சங்கேத மொழியைச் சோவியத் வாசிக்கிறது என்று எச்சரித்தார். 21 நாட்களுக்குள் பதில் வேண்டும் என்பது அவர் வேண்டுகோள்.

அவ்வாறே கடிதம் கையில் எடுத்துச் செல்லப்பட்டு லண்டனை அடைந்தது. எம்.ஐ.6இன் தலைவர் ஸ்ருவர்ட் மென்சிஸ் அதைப் படித்துவிட்டு, சோவியத் விவகாரத்தில் வல்லவர் என்று தாம் கருதிய அதிகாரியை அழைத்துக் கோவையை ஒப்படைத்தார். அந்த அதிகாரி கிம் பில்பி. எதிர்உளவுப் பிரிவின் தலைவர் ஒருவரே துரோகி என்று கோவையில் எழுதியிருக்க, எதிர்உளவுப் பிரிவின் தலைவர் ஒருவரிடமே அக்கோவை சென்றது. அச்சொற்களை எழுத்துக்கெழுத்து வாசித்த எவரும் செய்யத் துணியாத காரியம் இது. மென்சிஸ் துரோகியல்லர், மூடருமல்லர். தம் முன்னே நின்றவரைச் சந்தேகத்துக்குரியோர் பட்டியலில் வைத்துப் பார்க்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பில்பி உடனே மொஸ்கோவுக்கு அறிவித்தார். இஸ்தான்புல்லுக்குத் தாமே செல்வதாக ஏற்று, பயணத்தை இழுத்தடித்தார். அவர் அங்கு போய்ச் சேருமுன், வொல்கோவும் மனைவியும் உடலெங்கும் கட்டுப்போட்ட நிலையில் தூக்குக் கட்டிலில் கிடத்தப்பட்டுச் சோவியத் விமானத்தில் ஏற்றப்பட்டனர். மொஸ்கோவில் வொல்கோவுக்குக் கிடைத்தது மரணம். புகலிடம் கேட்டு ஒரு நாட்டின் கதவைத் தட்டியவரின் மனு, அவர் எவருக்கு அஞ்சினாரோ அவரின் மேசைக்கே போய்ச் சேர்ந்த கொடுமை இது.

வாஷிங்டனில்

1946இல் பில்பிக்கு அரச விருது கிடைத்தது. 1947 முதல் துருக்கியில் கடமையாற்றினார். 1949இல் அமெரிக்க உளவுத்துறைகளுடன் தொடர்பு பேணும் அதிகாரியாக வாஷிங்டன் சென்றார். சி.ஐ.ஏ.யின் ஜேம்ஸ் ஆங்கிள்டன் அங்கே அவருடைய நெருங்கிய நண்பரானார். இருவரும் வாரந்தோறும் ஒன்றாக உணவருந்தினர்.

அக்காலத்தில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அல்பேனியாவின் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்க்க இரகசிய முயற்சியொன்றை மேற்கொண்டன. நாடிழந்து முகாம்களில் வாழ்ந்த அல்பேனிய இளைஞரைச் சேர்த்து, மோல்ற்றாத் தீவிலும் ஜேர்மனியிலும் பயிற்சி கொடுத்துத் தாயகத்துக்கு அனுப்பினர். சென்றவர்களில் பலர் கரையிலும் மலையிலும் கொல்லப்பட்டனர் அல்லது பிடிபட்டனர். அவர்களுடைய உறவினரும் தண்டிக்கப்பட்டனர். இம்முயற்சியின் ஒருங்கிணைப்பாளர்களில் பில்பியும் ஒருவர். தோல்விக்குக் காரணங்கள் பல. திட்டமே பலவீனமானது, புலம்பெயர்ந்தோர் மத்தியில் பேச்சுக் கட்டுப்பாடு இருக்கவில்லை. எனினும் தலைநகரங்களில் இருந்தவர்கள் அந்த அகதிகளின் வாயைச் சந்தேகித்த அளவுக்குத் தம் மேசையைச் சந்தேகிக்கவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இன்னொரு விசாரணையும் இதே வழியிற் சென்றது. போர்க்காலத்துச் சோவியத் சங்கேதச் செய்திகளை அமெரிக்கர் உடைத்து வாசித்தபோது, வாஷிங்டன் பிரித்தானியத் தூதரகத்தில் ‘ஹோமர்’ என்ற மறைபெயருடன் ஓர் உளவாளி இருந்தமை தெரியவந்தது. தூதரகத்தின் துப்புரவுப் பணியாளர் முதலிய சிற்றூழியரைப் பற்றித்தான் முதலில் கட்டுக்கட்டாக அறிக்கைகள் எழுதப்பட்டன. உயர்ந்த இராசதந்திரி ஒருவர் அதைச் செய்திருக்கக்கூடும் என்ற எண்ணம் மிகத் தாமதமாகவே பிறந்தது. நியூயோர்க்கில் தங்கியிருந்த கர்ப்பிணி மனைவியைப் பார்க்க ஹோமர் சென்றுவந்தார் என்ற சிறு குறிப்பே இறுதியில் அவரைக் காட்டியது. அவர் டொனால்ட் மக்லீன். பிரித்தானிய அமைச்சர் ஒருவரின் மகன்.

விசாரணை நெருங்குவதை அறிந்த பில்பி எச்சரிக்கை அனுப்ப, 1951 மே 25ஆம் திகதி மக்லீனும் பேர்ஜசும் லண்டனிலிருந்து மறைந்தனர். பேர்ஜஸ் வாஷிங்டனில் பில்பியின் வீட்டிலேயே குடியிருந்தவர். இனிமேலும் பில்பியைக் கேள்வி கேட்காமலிருக்க முடியவில்லை.

இரண்டு அறிக்கைகள்

சி.ஐ.ஏ. தன் அதிகாரிகளிடம் பில்பியைப் பற்றி அறிக்கை கேட்டது. ஆங்கிள்டன் தம் நண்பர் ஏமாற்றப்பட்டவரே என்ற கருத்தைக் கொண்டிருந்தார். வில்லியம் ஹார்வி என்பவரோ பில்பி சோவியத் உளவாளி என்று எழுதினார். ஹார்வி இந்தியானா மாநிலத்தவர், பழைய எவ்.பி.ஐ. அதிகாரி, அந்த உயர்குடி வட்டத்துக்கு வெளியே நின்றவர். பில்பி வீட்டு விருந்தொன்றில் பேர்ஜஸ் தம் மனைவியைக் கேவலமாக வரைந்ததால் அவருக்குத் தனிப்பட்ட கோபமும் இருந்தது. ஆனால் கோபத்தால் மட்டும் அவர் அறிக்கை எழுதவில்லை. வியன்னா, ஸ்பெயின், வொல்கோவ், பேர்ஜஸ் போன்ற நிகழ்ச்சிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, எல்லாவற்றிலும் வரும் ஒரே பெயர் எது என்று பார்த்தார். உளவாளியைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான். ஆளின் தரத்தை மறந்து, சம்பவங்களின் வரிசையைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கர் வற்புறுத்தியதால் பில்பி 1951இல் பதவி விலகினார். எம்.ஐ.5 அவரைப் பலமுறை விசாரித்தது. வொல்கோவின் கோவை லண்டனுக்கு வந்தபின் லண்டன்–மொஸ்கோ வானொலிச் செய்திகள் திடீரென அதிகரித்ததை விசாரணையாளர் சுட்டிக்காட்டினர். அவர் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. எம்.ஐ.5 அவரைக் குற்றவாளியெனக் கருதிற்று, எம்.ஐ.6இன் நண்பர்களோ அநியாயமாகப் பழி சுமத்தப்பட்டவரெனப் பரிந்து பேசினர். 1955 நவம்பரில் வெளிநாட்டமைச்சர் மக்மிலன், பில்பி நாட்டுக்குத் துரோகம் செய்தார் என்று கொள்ளக் காரணமில்லை எனப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். மறுநாள் பில்பி தாயாரின் வீட்டில் பத்திரிகையாளரைக் கூட்டிச் சிரித்த முகத்துடன் பதில் சொன்னார். 1956இல் ‘ஒப்சேர்வர்’, ‘எக்கொனொமிஸ்ற்’ ஏடுகளின் செய்தியாளராகப் பெய்ரூட் சென்றார். எம்.ஐ.6 மீண்டும் அவரைப் பயன்படுத்தத் தொடங்கியது.

இறுதியில் அவரை வீழ்த்திய சொல்லும் வெளியிலிருந்தே வந்தது. ரஷ்யப் பேரரசில் பிறந்து பிரித்தானியாவில் குடியேறிய யூதப் பெண்மணி புளோரா சொலமன், 1930களில் பில்பி தம்மையும் இரகசிய வேலைக்கு அழைத்ததை நினைவில் வைத்திருந்தார். பல காலம் பேசாதிருந்தவர், இஸ்ரேலைப் பற்றிப் பில்பி எழுதிய கட்டுரைகளால் மனம் கசந்து, 1962இல் வாய் திறந்தார்.

1963 ஜனவரியில், பழைய நண்பர் நிக்கலஸ் எலியட் பெய்ரூட்டுக்கு அனுப்பப்பட்டார். முழு உண்மையையும் சொன்னால் வழக்கில்லை என்பது அவர் கொண்டுசென்ற செய்தி. பில்பி பாதியை ஒப்புக்கொண்டார். ஜனவரி 23ஆம் திகதி இரவு, மழைக்கிடையே சோவியத் கப்பலொன்றில் ஏறி மறைந்தார். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், அதே எம்.ஐ.6இல் சோவியத் உளவாளியாக இருந்த ஜோர்ஜ் பிளேக் பிடிபட்டிருந்தார். ரொட்டர்டாமில் பிறந்தவர், அந்த வட்டத்தின் பிள்ளையல்லர். அவருக்கு 42 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கிம் பில்பிக்கு நண்பரும் மன்னிப்பும் அனுப்பப்பட்டனர்.

நம்பிக்கை கெட்ட பின்

தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இரு தவறுகளைச் சேர்த்தே எச்சரிக்கிறார். ஆராயாமல் நம்புவது ஒன்று. நம்பியபின் ஐயுறுவது மற்றொன்று. பில்பியின் தப்பியோட்டம் ஆங்கிள்டனை முதல் தவறிலிருந்து இரண்டாம் தவறுக்குத் தள்ளிற்று எனலாம். எங்கும் துரோகி இருக்கிறான் என்ற எண்ணம் அவரைப் பீடித்தது. சி.ஐ.ஏ.யினுள் இருப்பவர் சிலாவிய வழியில் வந்தவர், பெயர் ‘கே’ என்னும் எழுத்தில் தொடங்கும் என்று சோவியத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னதைக் கொண்டு, அத்தகைய பெயரும் பிறப்பும் உடைய அதிகாரிகள் சந்தேகிக்கப்பட்டுப் பதவியும் எதிர்காலமும் இழந்தனர். அவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் சட்டமியற்றி நட்டஈடு வழங்க நேர்ந்தது. 1964இல் புகலிடம் கேட்டு வந்த யூரி நொசென்கோ என்னும் கே.ஜி.பி. அதிகாரி போலி ஆள் என்று கருதப்பட்டு, மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தனிமையில் அடைத்து வைக்கப்பட்டார். அவர் உண்மையானவர் என்று பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆங்கிள்டன் 1974இல் பதவியிழந்தார்.

மொஸ்கோ சென்ற பில்பிக்கும் முழு நம்பிக்கை கிடைக்கவில்லை. கே.ஜி.பி. அதிகாரியாகப் பதவி வகிப்போம் என்று எண்ணிச் சென்றவரை, ஆள் என்ற நிலையிலேயே வைத்தனர்; காவலும் கண்காணிப்பும் தொடர்ந்தன. கே.ஜி.பி. தலைமையகத்தின் வாசலை அவர் மிதித்தது 1977இல்தான். மதுவிலும் தனிமையிலும் பல ஆண்டுகள் கழிந்தன. 1971இல் மணந்த ருபீனா என்னும் ரஷ்யப் பெண் அவரைத் தாங்கினார். 1988 மே 11ஆம் திகதி அவர் இறந்தார். இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்து, 1990இல் முத்திரையும் வெளியிட்டது சோவியத் ஒன்றியம். அடுத்த ஆண்டு அந்த ஒன்றியமே இல்லாமற் போயிற்று.

இவ்வாழ்வின் கணக்கைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. கிரிவிற்ஸ்கி, வொல்கோவ், புளோரா சொலமன் ஆகிய மூவரும் வேற்று மண்ணில் பிறந்தவர்கள். முழு உண்மையும் தெரியாவிட்டாலும், தமக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னவர்கள். பில்பியின் குலத்தையும் கல்லூரியையும் அறிந்தவர்கள் அவரைப் பற்றிச் சொன்ன எதுவும் உண்மையாகவில்லை. அப்படியிருந்தும் எடை கூடியதாகக் கொள்ளப்பட்டது இவர்களுடைய சொல்லே.

அதிகாரியின் மேசைக்கு எதிரே அமர்ந்து, தன் கதையை மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லி, நம்பப்படுமா என்று காத்திருக்கும் நிலை நமது வாசகர் பலருக்குப் புதியதன்று. அவ்வாறு வருவோர் எல்லோரும் மெய்யே பேசுவர் என்று நாம் வாதிடவில்லை. சொல்பவரின் முகத்தை நிறுக்குமுன் அவர் சொல்லை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதே நமது வாதம். 1945இல் லண்டனில் ஒருவர் அக்கோவையை அவ்வாறு படித்திருந்தால், வொல்கோவும் மனைவியும் இஸ்தான்புல்லிலிருந்து உயிருடன் வெளியேறியிருக்கக்கூடும்.